பம்பு இடம் மாற்றிக் கொடுத்த மார்த்தாண்டம் ஆட்கள்: கொடுத்த காசுக்கு வேலை உண்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலை நன்றாகச் செய்தார்கள், பம்பு இரண்டும் இன்றைக்கு வரை அலுங்காமல் ஓடுகின்றன, ஆனால் இரண்டு மூன்று விஷயத்தில் எனக்கு எரிச்சலும் உண்டு, அதையும் எழுதத்தான் போகிறேன். பெயரோ போன் நம்பரோ போட வேண்டாம் என்று அந்த ஆட்களுக்குத் தலைவரான மூத்தவர் கேட்டுக்கொண்டார். "இருக்கிற வேலையே முடிக்க ஆளில்ல தம்பி" என்றார். தேவைப்படுகிறவர்கள் குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஹைட்ரா கிரேன் வண்டி நிற்கிற இடத்தில் போய், கையால் கனச்சாமான் நகர்த்துகிற ஆட்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்களுடையது ஒட்டுப்பாலை, அதாவது உறைந்துபோன ரப்பர் பாலை, கழுவி அரைத்துக் கட்டியாக்குகிற சின்ன கிரம்ப் ரப்பர் ஆலை. இந்தத் தொழில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. மண்ணும் பட்டையுமாக வருகிற ஒட்டுப்பாலைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், தண்ணீர் அரை மணி நேரம் நின்றால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அருமனைக்கு உள்ளே ஓடைக்கரையில் இருந்த பழைய இடத்தின் குத்தகை முடிந்து, குலசேகரம் பக்கம் சொந்த இடத்துக்கு மாறினோம். மெஷின்களை விற்ற கம்பெனி ஆட்களே வந்து கழற்றிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டார்கள், பம்பு இரண்டும் என் தலையில் விழுந்தன. ஒவ்வொன்றும் 75 ஹெச்.பி. மோட்டார் பூட்டிய ஸ்பிளிட் கேசிங் பம்பு (உடம்பு மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிகிற வகை), அடியில் இருக்கிற இரும்பு பேஸ் பிரேமோடு சேர்த்து ஏறக்குறைய 1,100 கிலோ.

ஒரு டன் என்பது பெரிய கனமா என்று கேட்பீர்கள். சமதளத்தில் இல்லைதான். எங்கள் பம்பு ஷெட் சாலையிலிருந்து பன்னிரண்டு அடிப் பள்ளத்தில் இருந்தது. இறங்குகிற வழி ஏழடி அகலம், ஒரு பக்கம் கையாலை (வரப்புச் சுவர்), மறு பக்கம் ரப்பர் மரங்கள், தலைக்கு மேலே கரண்டுக் கம்பி. முதலில் ஒரு ஹைட்ராக்காரரைக் கூப்பிட்டேன். வண்டியை விட்டு இறங்காமலே எட்டிப் பார்த்து, ரோட்டில் நின்று பூமை (கிரேனின் நீளும் கை) நீட்டி எடுத்துவிடலாம், 14 டன் வண்டி, இது ஒரு டன்தானே என்றார். அந்த 14 டன் என்பது பூமைச் சுருக்கி வண்டிக்குப் பக்கத்திலேயே தூக்கும்போது உள்ள கணக்கு. முழுக்க நீட்டித் தூரத்தில் இருக்கிற பொருளைத் தூக்கினால் அதில் ஒரு சின்னப் பங்குதான் மிஞ்சும், அந்தப் பட்டியல் வண்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன், அது அழிந்து போச்சு என்றார். போகட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்றால், ஆறு வருஷம் முன்பு இதே பம்புகளில் ஒன்றைப் பழுது பார்க்க எடுத்தபோது வேறொரு பார்ட்டி செய்த வேலையைக் கண்ணால் பார்த்தவன் நான். மோட்டாரின் உச்சியில் ஒரு ஐ போல்ட் (வளையத் தலை போல்ட்) இருக்கும், பம்பின் மேல்பாதி கேசிங்கிலும் தூக்குவதற்குக் காது மாதிரி இருக்கும். ஐ போல்ட் மோட்டாரை மட்டும் தூக்க, அந்தக் காது மேல்மூடியை மட்டும் தூக்க. பம்பு கம்பெனி தருகிற புத்தகத்திலேயே எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்? அந்த ஆட்கள் இரண்டிலும் சங்கிலியை மாட்டி, அடியில் பேஸ் பிரேமும் தொங்கத் தொங்க மொத்தமாகத் தூக்கினார்கள். ஐ போல்ட் நேர் மேலாக இழுத்தால் தாங்கும், சரிந்து இழுத்தால் பாதிப் பலம்கூட இருக்காது. ஓரடி கூட உயரவில்லை, டங்கென்று ஒரு சத்தம், ஐ போல்ட் கழுத்தோடு முறிந்து செட் சாய்ந்து விழுந்தது. கீழே யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம். வார்ப்பிரும்புக் கால் விரிசல் விட்டுவிட்டது, ஷாஃப்ட் வளைந்துவிட்டது, புது கேசிங் வருகிற வரை ஒற்றைப் பம்பில் ஆலையை ஓட்டினோம். அந்த முறிந்த போல்ட்டை இப்போதும் என் மேசை மேல் பேப்பர் பறக்காமல் வைக்கப் பயன்படுத்துகிறேன்.

அதனால் இந்த மார்த்தாண்டம் மூத்தவர் முதல் நாள் வந்தபோது அந்த போல்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைடுல வலிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார், பக்கவாட்டில் இழுத்திருக்கிறான் என்று அர்த்தம். சரி, விஷயம் தெரிந்த ஆள் என்று அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பார்க்க வந்த அன்றைக்கே அரை நாள் ஆக்கினார். டேப், சாக்கட்டி, ஒரு உருண்டை சணல், அவ்வளவுதான் கையில். மோட்டார் பிளேட்டில் எழுதியிருந்த எடையைக் குறித்தார், பம்பின் எடைக்குப் புத்தகத்தைக் கேட்டார், சாலை முதல் ஷெட் வரை காலால் அளந்தார், கூரையை அண்ணாந்து பார்த்து நான்கு ஷீட்டைக் கழற்ற வேண்டும் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், எனக்கே தோன்றாதது: உறிஞ்சு குழாயில் தண்ணீர் இறக்கியாச்சா? அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற ஃபுட் வால்வு இருப்பதால் குழாயில் தண்ணீர் அப்படியே நிற்கும். எட்டு இஞ்சுக் குழாயில் மீட்டருக்கு 32 லிட்டர், எங்களுடையது ஆறு மீட்டர், அப்படியென்றால் 190 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். தெரியாமல் குழாயைப் பம்போடு சேர்க்கிற பிளேஞ்ச் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அந்தக் கனம் முழுக்க யார் மேலாவது இறங்கியிருக்கும்.

கரண்ட் வேலை எங்கள் எலக்ட்ரீஷியனுடையது. ஃபியூஸைப் பிடுங்கி, பேனலைப் பூட்டி, சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மோட்டார் வயர் மூன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றிப் போட்டோவும் எடுத்தோம். இதைச் செய்யாமல் விட்டால் புது இடத்தில் இரண்டு வயர் மாறிப் பம்பு தலைகீழாகச் சுற்றும். பம்பின் உடம்பில் அம்புக்குறி போட்டிருப்பது இதற்குத்தான்.

தூக்குகிற நாள் காலை ஏழு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் வந்தது ஒன்பதரைக்கு. இது முதல் எரிச்சல். ஐப்பசி மழை மதியத்துக்கு மேல்தான் வரும் என்று தெரிந்தும் காலை நேரத்தை வீணாக்கினார்கள்.

வந்தது ஆறு பேர். ஷெட்டுக்குள் சிலீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே ஒரு கர்டரைக் கிடத்தி, அதில் இரண்டு டன் செயின் பிளாக் (சங்கிலியைக் கையால் இழுத்துத் தூக்குகிற கப்பி) இரண்டைத் தொங்கவிட்டார்கள். இங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. செயின் பிளாக்குக்கும் ஸ்லிங்குக்கும் (சாமானைச் சுற்றிப் போட்டுத் தூக்குகிற பெல்ட்) டெஸ்ட் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள் என்றேன். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 29 என்ன சொன்னது என்றால், தூக்குகிற சாதனம், சங்கிலி, கயிறு எதுவானாலும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுதாகச் சோதித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார், ஆனால் ஒரு செயின் பிளாக்கின் தேதி தாண்டிவிட்டிருந்தது. "போன மாசந்தான் முடிஞ்சுது தம்பி, சாமான் நல்ல கண்டிஷன்" என்றார். சாமான் நல்ல சாமான்தான், நானும் பார்த்தேன். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு பையனை பைக்கில் அனுப்பி வேறொன்றை வரவழைத்தார், அதில் இன்னும் இரண்டு மணி நேரம் போனது. கூப்பிடுகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள், எனக்குத்தான் புத்தி பிந்தி வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பார்க்கப் பார்க்க அழகு. மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கைப் பிரித்து, மோட்டாரைத் தனியே அதன் ஐ போல்ட்டில் எடுத்தார்கள். பம்பை பேஸ் பிரேமோடு எடுக்கும்போது அந்தக் காதை யாரும் தொடவே இல்லை, ஸ்லிங் பிரேமுக்கு அடியில் போனது. பச்சை நிற பெல்ட், அதாவது இரண்டு டன் தாங்கக்கூடியது. இரும்பு விளிம்பு பெல்ட்டை அறுக்காமல் இருக்க எங்கள் ஆலையில் கிடந்த பழைய ரப்பர் ஷீட்டையே மடித்து வைத்தார்கள். ஒரு பையன் ஸ்லிங்கைக் குட்டையாகப் பிடித்து அகலமாக விரித்தபோது மூத்தவர் தடுத்துச் சணலை எடுத்து எனக்கும் சேர்த்துக் காட்டினார்: ஸ்லிங் எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு இழுவை கூடும். மோட்டாரும் சேர்ந்த முழு 1,100 கிலோ என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஸ்லிங்கின் இரண்டு காலில் தூக்கும்போது தரைக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 635 கிலோ வரும், 45 டிகிரி என்றால் 778, 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 1,100. அவருக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது, "படுத்தா பிடுங்கும், நின்னா தாங்கும்" என்பதுதான் அவர் சொன்னது.

நாலு விரற்கடை தூக்கி நிறுத்திவிட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஐந்து நிமிஷம் யாரும் எதையும் தொடவில்லை. நான் போன் பார்க்கப் போய்விட்டேன், உண்மையைச் சொன்னால். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு பக்கத்துச் சிலீப்பர் அடுக்கு ஈர மண்ணில் லேசாக இறங்குவதை அவர் கண்டுபிடித்து, மறுபடி இறக்கி, அடியில் அகலப் பலகை போட்டு, திரும்பத் தூக்கினார். இதே இடத்தில் அவசரப்பட்டிருந்தால் கர்டர் சரிந்திருக்கும்.

மேட்டில் ஏற்றுவது தனிக் கதை. பம்பை ஒரு மரச்சட்டத்தில் உட்காரவைத்து போல்ட் போட்டு, பலகை விரித்த சரிவில் இரும்புக் குழாய் உருளைகள் மேல் வைத்து, கையால் நெம்பி இழுக்கிற டிர்ஃபரால் இஞ்சு இஞ்சாக ஏற்றினார்கள். டிர்ஃபரைக் கட்ட ஒரு பிடிமானம் வேண்டுமே, பக்கத்தில் இருந்ததெல்லாம் ரப்பர் மரம். அதில் கட்டலாமா என்று நான்தான் கேட்டேன். "ஒக்கி வந்தப்போ பாக்கலியா தம்பி" என்றார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் எப்படி முறிந்து கிடந்தன என்று யாருக்கு மறக்கும். மேலே சாலையோரத்தில் நின்ற பழைய அயனி மரத்தைத் தேடிப் பிடித்து, பட்டை அறுபடாமல் சாக்கைச் சுற்றி, அதில் கட்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் ஒருவன் ஆப்பை நகர்த்திக்கொண்டே வந்தான். பேசியது மூத்தவர் ஒருவர் மட்டும்தான். "பைய... பைய... நில்லு." வேறு ஒரு குரல் இல்லை. கேரளத்துக் கலாசிகளைப் பற்றி நம் பக்கம் பேசுவார்களே, 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிகளை மீட்க இறங்கியவர்கள், இவர்கள் அந்தக் கூட்டம் இல்லை, ஆனால் வேலையின் சாயல் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நடுவில் ஒன்று நடந்தது. கூட வந்தவர்களில் இளையவன், இருபது வயசு இருக்கும், இறுகி நின்ற கம்பிக் கயிற்றைத் தாண்டிக் குதித்து இந்தப் பக்கம் வந்தான். தண்ணீர் பாட்டில் எடுக்க. மூத்தவர் சத்தம் போடவில்லை. "நில்லு" என்று வேலையை நிறுத்தினார், ஆப்பு வைக்கச் சொன்னார், கயிற்றைத் தளர்த்தினார், அப்புறம் அவனைக் கூப்பிட்டு, "லே மக்கா, போய் அந்தக் கையாலையில இரி" என்றார். அரை மணி நேரம் அவன் கையாலை மேலே உட்கார்ந்திருந்தான், மற்ற ஐந்து பேரும் அவன் பங்கையும் சேர்த்து இழுத்தார்கள். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் நீளவாக்கில் யாரும் நிற்கக் கூடாது, குறுக்கே யாரும் கடக்கக் கூடாது. இந்த ஒரு காட்சிக்காகவே இவர்களை இன்னொரு தடவை கூப்பிடுவேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மோட்டாரைத் தார்ப்பாயில் சுற்றினார்கள், பம்பின் இரண்டு வாயையும் ஏற்கெனவே பிளைவுட் வெட்டி போல்ட் போட்டு மூடியிருந்தார்கள். அன்றைக்கு ஒரு பம்புதான் மேலே வந்தது. இரண்டாவது மறுநாள், வழி பழகியிருந்ததால் மதியத்துக்குள் முடிந்தது.

லாரி ஏற்றும்போது இன்னொரு நுணுக்கம் பார்த்தேன். ஷாஃப்ட் ஆடாமல் இருக்க கப்ளிங்கில் மர ஆப்பு செருகிக் கட்டினார்கள். ஓடாமல் நிற்கிற பேரிங் வண்டிக் குலுக்கலில் ஒரே இடத்தில் அடி வாங்கினால் குண்டு பதிந்து தடம் விழுந்துவிடும், பிறகு ஓட்டும்போதுதான் கரகரவென்று சத்தம் வரும், அப்போது பழி பேரிங் கம்பெனி மேல் போகும். களியல், திற்பரப்பு வழியாகப் போக வேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தோம், அருவிக்கு வருகிற வேன்களுக்கு நடுவில் இரண்டு டன் சுமையோடு மாட்டிக்கொண்டு நிற்க யாருக்கு ஆசை. திங்கள் காலை, ரப்பர் பால் எடுக்கிற ஆட்கள் தவிர ரோட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கிளம்பி, வளைவு வருகிற இடமெல்லாம் பைக்கில் ஒருவன் முன்னால் போக, சேதமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். இறக்க அங்கே இடம் தாராளம், ஹைட்ராவே வைத்துக்கொண்டோம்.

இனி எரிச்சல்கள். இவர்கள் பம்பை பவுண்டேஷன் மேல் உட்காரவைப்பதோடு சரி. அலைன்மென்ட் (பம்பு, மோட்டார் ஷாஃப்டை நேர்கோட்டில் நிறுத்துவது), கிரவுட்டிங் (பேஸ் பிரேமுக்கு அடியில் கலவை ஊற்றி நிரப்புவது) எதுவும் அவர்கள் வேலை இல்லை. அது நியாயம்தான், ஆனால் முதல் நாள் பேசும்போது "எல்லாம் பாத்துக்கிடலாம் தம்பி" என்று சொன்னார், நான் எல்லாம் என்றால் எல்லாம் என்று நினைத்துவிட்டேன். கடைசியில் நாகர்கோவிலிலிருந்து தனியாக ஒரு ஃபிட்டரை வரவழைத்தேன். அவர் ஷிம் தகடு வைத்து லெவல் பார்த்து, சுருங்காத கிரவுட் ஊற்றி, காய விட்டு, அப்புறம்தான் பைப்பைப் பூட்டினார். பைப் தானாக வந்து பிளேஞ்சில் உட்கார வேண்டும், செயின் போட்டு இழுத்துப் பூட்டினால் பம்பின் உடம்பு திருகிக்கொள்ளும். பைப் பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட்டை மறுபடி பார்த்தார். ஈரத்தில் வந்த மோட்டார் என்பதால் மெகர் போட்டு இன்சுலேஷனும் பார்த்தோம். கப்ளிங் பூட்டுவதற்கு முன் மோட்டாரை மட்டும் ஒரு நொடி தட்டிச் சுற்றுகிற திசை சரிதானா என்று பார்த்தோம், டேப் சுற்றியதன் புண்ணியம், சரியாக இருந்தது. ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தை அடைக்கிற கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து என் மாமா இறுக்கப் போனார், ஃபிட்டர் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தச் சொட்டு இருந்தால்தான் உள்ளே சூடேறாது.

இரண்டாவது, எஸ்டிமேட் எழுத்தில் கிடையாது. வாயால் பேசியது இரண்டு பம்புக்கும் லாரி உட்பட 46,000 ரூபாய், கடைசியில் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹைட்ராவுக்கு நான் தனியாக 4,500 கொடுத்தேன். ஃபிட்டர் செலவு வேறு. இடத்தையே பார்க்காமல் போனிலேயே 30,000 சொன்ன ஆளும் இருந்தார், அந்தப் பக்கம் நான் போகவில்லை. சாப்பாடு, சாயா நம் கணக்கு, அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆறு பேருக்கு மீன் குழம்போடு சோறு திடீரென்று ஏற்பாடு செய்ய என் மனைவிதான் கஷ்டப்பட்டாள்.

மூன்றாவது, பில். ஆலைக் கணக்குக்கு எனக்குப் பில் கட்டாயம் வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருக்கிறார்.

மூன்று டன்னுக்குள், ஹைட்ரா நுழைய முடியாத இடம், அவசரம் இல்லாத வேலை என்றால் இவர்களைத் தைரியமாகக் கூப்பிடலாம். இன்றைக்கே முடிய வேண்டும், நாளைக்கு ஆலை ஓட வேண்டும் என்கிறவர்களுக்கு இவர்கள் ஒத்துவர மாட்டார்கள். அதைவிடப் பெரிய சாமானுக்கு எப்படிச் செய்வார்கள் என்று நான் பார்த்ததில்லை, அதனால் சொல்ல மாட்டேன்.

பம்பு ஓடத் தொடங்கி மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவரே போன் செய்தார். "பவுண்டேஷன் போல்ட்ட ஒருக்கா பிடிச்சுப் பாத்தியளா தம்பி? ஓட ஓட எளகும்." பார்க்கவில்லை. அன்று சாயந்தரமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், எட்டில் ஒன்று கால் சுற்று இறங்கியது. நன்றி சொல்லலாம் என்று திரும்பக் கூப்பிட்டேன், சொல்லிவிட்டு அப்படியே அந்தப் பில் என்னாச்சு அண்ணே என்றும் கேட்டேன். மலைப் பக்கம் நிற்கிறேன், சிக்னல் இல்லை என்றார், லைன் கட்டாகிவிட்டது.